காதில் பூ வைத்த வீணை

“பேரு என்ன?”

“மெட்டில்டா.”

டிக்கெட் கிழிக்கப் போன திருநாராயணையங்காரின் கை நின்றது. அவர் கண் முதலில் அவள் நெற்றிக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கழுத்துக்கு இறங்கிற்று, அங்கே சின்னதாக ஒரு சிலுவை இருந்தது. அப்படியும் மனுஷருக்கு ஆறவில்லை.

“அப்பா பேரு?”

“வீணை பார்க்க வந்தது நான். எங்கப்பா எதுக்கு சார்?”

“வர்றவாளை விசாரிச்சு எழுதிக்கறது இங்கே வழக்கம்.”

“மதலைமுத்து. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கரி அள்ளினவர். அவர் மக பி.ஏ. இடம் இருந்தா அதையும் எழுதிக்குங்க.”

பின்னால் நின்ற அமலதாஸ் தலையை நீட்டினான். “நான் அமலதாஸ் சார். அப்பா பேரு பிரகாசம். வீட்டுல கரண்ட் கிடையாது, அவர்தான் வெளிச்சம்.”

ஐயங்கார் சிரிக்கவில்லை. மெட்டில்டா நீட்டிய காசையும் வாங்கவில்லை. “கையில வேண்டாம். தட்டுல போடுங்கோ” என்றார். பித்தளைத் தட்டில் விழுந்த அணாக்கள் மேல் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்த பிறகுதான் அவற்றை விரலால் தொட்டார்.

“அக்கா,” என்றான் அமலதாஸ் காதோரம், “காசுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறாரு. பேரும் வைப்பாரா?”

“சும்மா இரு.”

சும்மா இருக்கச் சொன்னாளே ஒழிய, அவளுக்கே உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கொதிக்கிறது. லாக்கப் கம்பிக்குப் பின்னால் செல்லக்கண்ணுவைப் பார்த்த நிமிஷத்திலிருந்து.

மைசூரில் ‘பெண் துப்பறிவாளர்’ என்று போர்டு மாட்டியிருந்தவள் மெட்டில்டா ஒருத்திதான். போர்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன பெரிய மனிதர்கள், பிறகு பின்வாசல் வழியாக வந்து கேஸ் கொடுத்தார்கள். அமலதாஸ் அவள் சித்தி மகன். டைப்ரைட்டர் ரிப்பேர் செய்வான். வேலை இல்லாதபோது அவளோடு துப்பறிவான். வேலை இருக்கும்போதும் அதையே செய்வான். இந்தத் தடவை பின்வாசல் வழியாக வந்தவர் பெரிய மனிதர் இல்லை. கட்டட வேலைக்காரன் முனிராஜ். கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். கையில் பால் குடிக்கிற பிள்ளை.

“எம் பொஞ்சாதி திருடலீங்க,” என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. மிச்சத்தைப் பிள்ளை அழுது சொல்லிற்று.

விஷயம் இதுதான். வைகுண்ட பாகவதர் என்றால் மைசூரில் தெரியாதவர் இல்லை. அரண்மனை வித்வான். அவர் கீர்த்தனை பாடாமல் இந்த ஊரில் ஒரு கல்யாணமும் முடியாது. அவர் வாழ்ந்த அக்ரஹாரத்து வீட்டைத்தான் நினைவகமாக்கியிருந்தார்கள். அதில் ஒசத்தியான பொருள், பழைய மகாராஜா அவர் கையில் பூட்டிய தங்கத் தோடா. இருதலைப் பறவை முத்திரை போட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் அது காணாமல் போயிற்று. முற்றம் பெருக்கும் செல்லக்கண்ணு பூஜையறையிலிருந்து ஓடியதைத் தன் கண்ணால் பார்த்ததாக, பாகவதரின் தம்பி மகனும் நினைவகத்தின் காரியதரிசியுமான திருநாராயணையங்கார் எழுதிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். குடிசையைப் புரட்டிப் போட்டார்கள். சோற்றுப் பானையைக்கூட உடைத்துப் பார்த்தார்கள். தோடா கிடைக்கவில்லை. ஆனாலும் செல்லக்கண்ணு உள்ளே.

இன்றைக்கு வியாழன். அவளுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் அடிக்கிறது. பிள்ளையைக் காட்டக்கூட ஸ்டேஷனில் விடவில்லை. “நாலு மணிக்கு அவளை ஸ்தலத்துக்குக் கூட்டிண்டு வர்த்தினி, மகஜர் எழுத,” என்று இன்ஸ்பெக்டர் லிங்கப்பன் தன் கன்னடத் தமிழில் சொல்லியிருந்தார். “அதுக்குள்ளே ஏனாவது இத்ரே சொல்லம்மா. இல்லாட்டி நாளைக்கு கோர்ட்டு.”

ஏதாவது இருந்தால். அதைத் தேடித்தான் இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கூடம் நீளமாக இருந்தது. வாசலில் புதுப் பெயிண்டில் ஒரு போர்டு: ‘அனைவருக்கும் அனுமதி.’ கூடத்தின் கடைசியில் பூஜையறை. அதன் குறுக்கே, வார்னிஷ் வாசனை இன்னும் போகாத மரக் கட்டை ஒன்று. போர்டும் கட்டையும் ஒரே வாரத்தில் வந்திருக்க வேண்டும். ஒன்று சர்க்காருக்கு, இன்னொன்று ஜனங்களுக்கு.

நடுச்சுவரில் பாகவதரின் எண்ணெய்ப் படம். பெரிய நெற்றி, இறங்கிய கண் ரப்பை, ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்ட மாதிரி உதடு. ‘வாசற்கதவே இல்லாத வீட்டில் குடியிருப்பவனே’ என்று பெருமாளைக் கூப்பிட்டுப் பாடிய மனுஷர். அந்தக் கீர்த்தனையைச் சின்ன வயசில் மெட்டில்டா எதிர்த்தெரு வீட்டு ரேடியோவில் கேட்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். “யாரது அங்கே?” என்று குரல் வரும். ஓடிவிடுவாள். பாட்டுக்குக் கதவில்லை. பாட்டுக் கேட்கிற வீடுகளுக்கு எல்லாம் கதவு.

“இது பாகவதர் வெத்திலைப் பெட்டி,” என்று ஒப்பித்துக்கொண்டு நடந்தார் ஐயங்கார். “இது பாதக்குறடு. இது அவர் குடை. தசரா ஊர்வலத்துல அரண்மனை யானை உரசி இந்தக் கம்பி வளைஞ்சது.”

“கழுதை துரத்தி வளைஞ்சது,” என்று ஒரு குரல் முணுமுணுத்தது.

தூணோரம் ஒரு அம்மாள், தலையை மூடிய வெளிறிய புடவையோடு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

“ஆண்டாளு! உன்னை யாரும் கேக்கலே.”

அவள் போய்விட்டாள். போகும்போது ஏதோ ஒரு கீர்த்தனையை முனகிக்கொண்டு போனாள்.

“யார் சார் அவங்க?”

“ஆத்துல ஜலம் எடுக்கறவ. நீங்க இங்கே பாருங்கோ.”

மரக் கட்டையருகே வந்தார்கள். உள்ளே சாளக்கிராமம், விளக்கு, வாசற்படியை ஒட்டிப் பெரிய மாக்கோலம், அதற்கப்பால் பட்டுத் துணி விரித்த பலகையில் பாகவதரின் வீணை. பக்கத்தில் காலியான ஒரு வெள்ளித் தட்டு. அந்தத் தட்டைப் பார்த்ததும் ஐயங்காரின் குரல் ஏறிற்று.

“சர்க்கார் மானியம் தர்றேன்னா. வாங்கிக்கோங்கோ, ஆனா எல்லாரையும் பூஜையறை வரைக்கும் விடணும்னு நிபந்தனை. எல்லாரையும்! போன மாசம் போர்டு மாட்டினேன். மாட்டின கையோட தோடா போச்சு. இப்போ மந்திரிக்கே எழுதியிருக்கேன், பார்த்தேளா உங்க நிபந்தனையோட லட்சணத்தைன்னு. இனிமே இந்த அறையைத் திறன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான்.”

திருட்டுக் கொடுத்தவன் பேச்சில் வருத்தம் இருக்கும். இந்த மனுஷர் பேச்சில் கேஸ் ஜெயித்த வக்கீலின் தெம்பு இருந்தது. மெட்டில்டா அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

“சார், இது என்ன?” அமலதாஸ் கட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தான். “வீணையோட கழுத்துப் பக்கம் ஒரு சுரைக்குடுக்கை தொங்குதே, அதோட வாய் திறந்துதானே இருக்கும்? நாதம் வர்றதுக்கு? நீங்க பூவைப் போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க.” அவன் மெட்டில்டா பக்கம் திரும்பினான். “வீணைக்கே காதுல பூ வைக்கிறாருக்கா. நமக்கு வைக்க மாட்டாரா?”

சொன்னவன் சும்மா இருக்கவில்லை. இதோ இங்கே என்று காட்டுவதற்காகக் கையை நீட்டினான். ஆள்காட்டி விரல் கட்டையைத் தாண்டிக் கோலத்துக்கு மேலே போயிற்று.

“ஐயையோ! எடு கையை! எடுடா!”

கூடமே அதிர்ந்தது. ஐயங்காரின் முகம் வெளுத்துப் போய், பிறகு சிவந்தது. “ஆண்டாளு! ஜலம்! சீக்கிரம்!”

அதற்குப் பிறகு நடந்ததை மெட்டில்டா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். ஆண்டாள் கிணற்றடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து கட்டைக்கு இந்தப் பக்கம் வைத்தாள். அவளும் உள்ளே போகவில்லை. அவளுக்கும் அந்த அறை கிடையாது போலிருக்கிறது. ஐயங்காரே குடத்தைத் தூக்கிக் கட்டை மேல் கொட்டினார், படியில் கொட்டினார், தரையில் கொட்டினார். காலையில் போட்ட மாக்கோலம் கரைந்து சாக்கடைக்கு ஓடிற்று. மூன்றாவது குடம் காலியானபோது ஐயங்காருக்கு மூச்சு வாங்கிற்று. “நான் மறுபடியும் ஸ்நானம் பண்ணணும். சாயங்காலத்துக்குள்ளே புரோகிதரைக் கூப்பிட்டுப் புண்ணியாகவாசனம் பண்ணணும். எல்லாம் உன்னால!”

“என் விரலுக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது எனக்கே தெரியாது சார்,” என்றான் அமலதாஸ். “தெரிஞ்சிருந்தா எலெக்‌ஷன்ல நின்னிருப்பேன்.”

மெட்டில்டா சிரிக்கவில்லை. ஒரு விரலுக்கு மூன்று குடம் தண்ணீர், ஒரு குளியல், ஒரு புரோகிதர். ஐயங்கார் குளிக்கப் போனதும் அவள் நேராகக் கிணற்றடிக்கு நடந்தாள்.

ஆண்டாள் மறுபடி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கப்பி கிறீச்சிட்டது. கையெல்லாம் கயிறு தேய்த்த காய்ப்பு.

“மாமி, ஒரே ஒரு கேள்வி.”

“என்னை எதுவும் கேக்காதேடிம்மா. நான் இந்தாத்துச் சோறு திங்கறவ.”

“செவ்வாய்க்கிழமை, அந்தப் பொண்ணு உள்ளே போயிட்டு ஓடினான்னு சொன்னாங்களே, அன்னைக்கு எத்தனை குடம் இறைச்சீங்க?”

“அன்னிக்கா? காலம்பற பூஜைக்கு வழக்கம்போல ஒண்ணு. அப்புறம்…”

கப்பி நின்றது. கயிறு அவள் கையில் அப்படியே நின்றது. வாளி கிணற்றுக்குள் பாதியில் தொங்கிற்று.

“அப்புறம்?”

ஆண்டாள் மெட்டில்டாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. அந்தப் பதில் அவளுக்கும் இப்போதுதான் தெரிந்தது என்பதும் இருந்தது.

“போம்மா,” என்றாள் மெதுவாக. “என்னை விட்டுடு. எனக்குப் போக்கிடம் கிடையாது.”

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

செல்லக்கண்ணுவை ஒரு கான்ஸ்டபிள் இறக்கினான். ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கண் காய்ச்சலில் ஜொலித்தது. காலையிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்த முனிராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“தூர! தூர!” என்றான் கான்ஸ்டபிள்.

“பிள்ளைக்குப் பால் குடுக்கட்டும் சார்,” என்றாள் மெட்டில்டா.

“மகஜர் முகியலி அம்மா. ஆமேலே,” என்றார் லிங்கப்பன். மகஜர் முடியட்டும், பிறகு பார்க்கலாம். நல்ல உடம்பு, பெரிய மீசை, எதையும் சண்டையில்லாமல் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆசை. கெட்ட மனுஷர் இல்லை. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் மெட்டில்டாவுக்குக் கோபம் இவ்வளவு வந்திருக்காது.

“சரி. அப்போ சீக்கிரம் முடிப்போம். நானே முடிச்சுக் குடுக்கிறேன்.”

எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். செல்லக்கண்ணு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “உள்ள வா,” என்று கான்ஸ்டபிள் அதட்டியபோது, “இந்த வாசப்படிய நான் மிதிச்சதே இல்லீங்க,” என்றாள். “பின்னாடி சந்து வழியா வருவனுங்க. முத்தத்தைக் கூட்டிப்போட்டு அப்படியே போயிருவனுங்க.” அவளை உள்ளே தள்ளித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஐயங்கார் குளித்துப் புது நாமத்தோடு வந்து நின்றார். ஆண்டாள் தூணுக்குப் பின்னால் குடத்தோடு.

“சார்,” என்றாள் மெட்டில்டா ஐயங்காரிடம். “செவ்வாய்க்கிழமை இவ பூஜையறைக்குள்ளே போனதை நீங்க பார்த்தீங்க?”

“நான் கிணத்தடியில ஸ்நானம் பண்ணிட்டு வர்றேன், இவ உள்ளேர்ந்து ஓடறா. இந்தக் கண்ணால பார்த்தேன்.”

“எவ்வளவு தூரம் போயிருப்பா?”

“வீணை வரைக்கும். தோடா வீணை பக்கத்துத் தட்டுல இருந்தது. தொடாம எடுக்க முடியுமோ?”

“முடியாது. இன்ஸ்பெக்டர் சார், எழுதிக்குங்க, வீணை வரைக்கும்னு. அதுக்கப்புறம் நீங்க வந்தீங்க. அன்னைக்கு இங்கே என்ன சாப்பிட்டீங்க?”

லிங்கப்பன் பேனாவை நிறுத்தினார். “நானா? பிரசாதம் குடுத்தாரு. புளியோகரே. சென்னாகித்து, நல்ல ருசி.”

“எந்தப் பூஜைப் பிரசாதம்?”

“அந்தத் தினத்துப் பூஜேதான். இதே ரூமல்லி பண்ணின பூஜே.”

“சரி. ஐயங்கார் சார், இன்னைக்கு மத்தியானம் இவன் ஒரு விரலை நீட்டினான். உள்ளே போகலை. எதையும் தொடலை. அதுக்கு என்ன பண்ணினீங்க?”

ஐயங்கார் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். போன வருஷம் வந்த தீண்டாமைச் சட்டம் அவருக்கும் தெரியும். வழுக்கிக்கொண்டு போகப் பார்த்தார். “ஒண்ணுமில்லையே. இந்தக் காலத்துல அதெல்லாம் யார் பார்க்கறா? வாசல்ல போர்டே மாட்டியிருக்கேன்.”

“குனிஞ்சு தரையைப் பாருங்க சார்.”

எல்லோரும் பார்த்தார்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. கட்டை சொட்டிக்கொண்டிருந்தது. கரைந்த கோலத்தின் மாவு ஓரத்தில் வெள்ளையாகத் திட்டுக் கட்டியிருந்தது.

“மூணு குடம் சார்,” என்றான் அமலதாஸ். “எங்கம்மா என்னை முழுசாக் குளிப்பாட்டினதே ஒரு குடத்துல.”

“ஒரு விரலுக்கு மூணு குடம் கொட்டின மனுஷர்,” என்றாள் மெட்டில்டா, “இவ முழுசா உள்ளே போய், வீணை வரைக்கும் நடந்து, தட்டைத் தொட்டுட்டு ஓடினான்னு சொல்றீங்களே, அன்னைக்கு என்ன பண்ணினீங்க? நேரா உட்கார்ந்து பூஜை பண்ணியிருக்கீங்க. பிரசாதம் குடுத்திருக்கீங்க.”

“அலம்பினேன்! அன்னிக்கும் அலம்பினேன். இவர் வர்றதுக்கு முன்னாடி நானே அலம்பினேன்.”

லிங்கப்பனின் மீசை மெதுவாக அசைந்தது. அவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது, அது பிடிக்கவில்லை.

“ஸ்வாமி,” என்றார். “அன்னைக்கு நான் உள்ளே காலிடப் போனேன். ‘விடிகாலேல போட்ட கோலம், மிதிக்காதேங்கோ, பெல்ட்டு தோல், உள்ளே வரப்படாது’ன்னு சொன்னீரி. ரங்கோலி ஒரு கோடு அழியலை. தரையும் காஞ்சிருந்தது. நான் வாசல்லே நின்னுதானே மகஜர் எழுதினேன்?”

“கேட்டீங்களா?” மெட்டில்டாவின் குரல் இப்போது அவள் கையில் இல்லை. “படியை ஒட்டி இருக்கிற கோலத்தை இவர் பார்த்துத் தாண்டுவார், திருடிட்டு ஓடறவ மிதிக்காம போகணும்னா பறந்துதான் போகணும். அலம்பியிருந்தா கோலம் இருந்திருக்காது. அன்னைக்கு அந்த அறைக்குள்ளே இவரைத் தவிர யாரும் போகலை. போயிருந்தா இவர் இந்த வீட்டையே கழுவி விட்டிருப்பார். இவருக்குப் பொய் சொல்லத் தெரியுது. ஆனா அந்தப் பொய்யை நம்பின மாதிரி நடிக்கத் தெரியலை. தீட்டே படலைன்னு இவருக்கு மட்டும்தான் தெரியும், அதனால ஒரு சொட்டுத் தண்ணி தெளிக்கலை!”

தூணுக்குப் பின்னால் குடம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

“இன்ஸ்பெக்டர் சார், இவ குடிசையில சோத்துப் பானையை உடைச்சுத் தேடினீங்க. ஊரெல்லாம் தேடினீங்க. திருட்டு நடந்த அறையை மட்டும் வாசல்லே நின்னு பார்த்தீங்க. ஒருத்தரும் நுழைய முடியாத இடத்துல ஒரு பொருளை வச்சா எப்படி சார் கிடைக்கும்?”

லிங்கப்பன் பூட்ஸைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றவில்லை. மரக் கட்டையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

“அபசாரம்! அபசாரம்!” என்று ஐயங்கார் பாய்ந்தார். கான்ஸ்டபிள் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“சார்,” என்று அமலதாஸ் குரல் கொடுத்தான், “காதுல பூ!”

லிங்கப்பன் வீணையின் சுரைக்குடுக்கைக்குள் கையை விட்டார். வாடிய மல்லிகையும் துளசியும் கொத்தாக வந்தன. அதற்குப் பின்னால் ஒரு பட்டுத்துணி முடிச்சு. அவிழ்த்தார். அவர் உள்ளங்கையில் இருதலைப் பறவை மின்னிற்று.

ஐயங்கார்தான் முதலில் பேசினார். வெட்கமில்லாமல், தலை நிமிர்ந்து பேசினார்.

“நான் திருடலை. பாகவதர் சொத்து பாகவதர்கிட்டேயேதான் இருந்தது. ஒரு குந்துமணி வெளியே போகலை. எங்கே போச்சு, சொல்லுங்கோ? கண்டவாளும் உள்ளே வரப்படாதுன்னுதான் பண்ணினேன்.”

“தோடா எங்கேயும் போகலை சார். செல்லக்கண்ணு எங்கே போனா?” என்றாள் மெட்டில்டா. “லாக்கப்புக்குப் போனா. ஒரு அறையைப் பூட்டி வைக்க ஒரு பொம்பளையைப் பூட்டி வச்சிருக்கீங்க.”

செல்லக்கண்ணு இது எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கான்ஸ்டபிளின் கை தன்னை விட்டுவிட்டது என்று தெரிந்ததும் முனிராஜிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். எங்கே உட்காருவது என்று ஒரு கணம் தேடினாள். பிறகு பாகவதர் படத்துக்கு நேர் கீழே, அந்தக் கூடத்தின் நட்டநடுவில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளையை மார்போடு அணைத்தாள். வலி தாங்காமல் பல்லைக் கடித்தாள். பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை.

“ஆண்டாளு,” என்று ஐயங்காரின் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது, “ஜல…”

லிங்கப்பன் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்ச எழுத்து உள்ளேயே போயிற்று.

“ஆயித்து,” என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியை எடுத்துக்கொண்டு. “தோடா சிக்கிது. கேஸ் முகிஞ்சுது. எல்லாரும் மனேக்குப் போங்க. பெரிய வீடு, பெரிய பேரு. ஏன் கலாட்டா?”

“முடியலை சார்,” என்று குறுக்கே நின்றாள் மெட்டில்டா. “பொய்ப் புகார் எழுதுங்க. தீண்டாமைச் சட்டத்துல ஒரு கேஸ் எழுதுங்க. பானை உடைக்கத் தெரிஞ்சுதே, இது தெரியாதா?”

“நோடம்மா.” லிங்கப்பன் குரலைத் தாழ்த்தினார். “சாட்சி யாரு? நீ அவங்க கட்சி. இவன் உன் தம்பி. அவன் அவ கண்டன், புருஷன். இந்த மனுஷர் கோர்ட்டுல ‘விளக்கு எண்ணெய் சிந்திடுச்சு, அதுக்குக் கழுவினேன்’ அந்த்ரே நீ என்ன செய்வே? வீட்டாள் ஒருத்தர் சொல்ல வேணும். யாரு சொல்வாரு?”

மெட்டில்டா அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். இப்படித்தான் எல்லாம் முடியும். நிரூபித்து முடித்த பிறகும் ஒன்றும் நடக்காமல், தொப்பியைப் போட்டுக்கொண்டு, பெரிய வீடு, பெரிய பேரு என்று. ஐயங்காரின் முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது.

“நான் சொல்றேன்.”

ஆண்டாள் தூணைத் தாண்டி வந்தாள். இடுப்பில் குடம் இல்லை. அதனால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எழுதிக்கோங்கோ. தண்ணி இறைக்கிறவ நான். இன்னிக்கு மூணு குடம் கேட்டான். செவ்வாய்க்கிழமை கேக்கலே. கட்டை போடறதுக்கு முன்னாடி எத்தனை வருஷமா யார் யார் தீட்டுக்கு இறைச்சேன்னும் சொல்றேன். எங்கே வேணும்னாலும் வந்து சொல்றேன்.”

“ஆண்டாளு! நாளைக்கு எங்கே போய்ச் சாப்பிடுவே?”

“அது நாளைக்கு.”

லிங்கப்பன் பெருமூச்சு விட்டார். தொப்பியை மறுபடி மேஜை மேல் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

“பேர்?”

“ஆண்டாள்.”

“கண்டன் பேர்?”

“நான் பாவாடை கட்டின வயசுலயே போயிட்டார். முகம்கூட ஞாபகம் இல்லை.”

“அப்பா பேர்?”

ஆண்டாள் சுவரைப் பார்த்தாள். பெரிய நெற்றி. இறங்கிய கண் ரப்பை. ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்ட உதடு. மெட்டில்டா படத்தைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள், தன்னையே திட்டிக்கொண்டாள். கழுதை துரத்திக் குடைக்கம்பி வளைந்த கதை தண்ணீர் எடுக்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு துப்பறிகிறவள் கேட்டிருக்க வேண்டாமா?

“வைகுண்ட பாகவதர்,” என்றாள் ஆண்டாள்.

பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. அவர் பாதக்குறட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெற்றிலைப் பெட்டியை வைத்திருந்தார்கள். பெற்ற பெண்ணைக் கிணற்றடியில் வைத்திருந்தார்கள். ஐயங்கார் தரையைப் பார்த்தார். அங்கே ஈரம் காய ஆரம்பித்திருந்தது.

அமலதாஸ் வாயைத் திறந்தான், அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

பிள்ளை பசியாறித் தூங்கிவிட்டது. செல்லக்கண்ணு எழுந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். நன்றி என்றோ, நாசமாய்ப் போக என்றோ யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலை நோக்கி நடந்தவள் ஆண்டாளின் முன்னால் நின்றாள். இந்த அம்மாளைத் தினமும் கிணற்றடியில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

“நீங்களும் இங்க வேல செய்யறவங்கன்னு நெனச்சனுங்க,” என்றாள்.

“நானும் அப்படித்தான் நினைச்சுண்டிருந்தேன்,” என்றாள் ஆண்டாள்.